‘வாங்கிட்டேன்’னு எப்போ சொல்லணும்?

பழவேற்காடு போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? சென்னையிலிருந்து வடக்கே, பொன்னேரி வழியா சுமார் 60 கிலோமீட்டர். டச்சுக்காரங்க கல்லறை, பூநாரைக் கூட்டம், லைட் ஹவுஸ், சுடச்சுட இறால் வறுவல்னு ஒரு நாள் ட்ரிப்புக்கு அம்சமான ஊர். ஆனா, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு அந்த ஏரியில இன்னொரு விஷயமும் இருக்கு. உங்க சிலபஸ்ல இல்லாத பாடம். அதோட பேரே ‘பாடு’!

ஐ.டி. கம்பெனிகள்ல இன்னிக்கு அடிக்கடி காதுல விழுற பேர் காஃப்கா. ஒரு இடத்துல உற்பத்தியாகிற மெசேஜ்களை வரிசை கட்டி வெச்சு, பல கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டு எடுத்து வேலை செய்ய வைக்கிற சாஃப்ட்வேர். அதுல மெசேஜ் அனுப்புறது சுலபம். வாங்குறதுதான் வில்லங்கம். ஏன்னு புரியணும்னா முதல்ல ஏரிக்குப் போகணும். வாங்க!

ஒரு ஏரி, பல வலை

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவிலும், மிச்சம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவுல நீளமா படுத்திருக்கிற தீவுதான் ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டா.

ஏரியில எல்லா இடமும் ஒரே மாதிரி கிடையாது. முகத்துவாரத்தை ஒட்டின இடங்கள்ல இறால் வரத்து அதிகம். எல்லாரும் அங்கேயே போய் கம்பு நட்டு வலை கட்டினா என்ன ஆகும்? வலை மேல வலை, வார்த்தை மேல வார்த்தை, கடைசியில கைகலப்பு! அதைத் தடுக்க அங்கே இருக்கிற பட்டினவர் குப்பங்கள் பல தலைமுறையா வெச்சிருக்கிற ஏற்பாடுதான் பாடு. நல்ல இடங்களைப் பிரிச்சு, முறை போட்டுக்குவாங்க. இன்னிக்கு இந்த இடம் இவங்களுக்கு, அடுத்த முறை வேறவங்களுக்கு. ஒருத்தர் முறையில இன்னொருத்தர் வலை இறங்காது. கேரளத்திலும் இலங்கை நீர்கொழும்பிலும் கூட இந்த மாதிரி முறை வைக்கிற வழக்கம் உண்டு. ஐ.நா. சபையின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991-ல் பழவேற்காட்டுப் பாடு பற்றி தனி ஆய்வறிக்கையே போட்டிருக்கு.

ஆஹா ஓஹோன்னு மட்டும் பாராட்டிட முடியாது. பாட்டுல உரிமை எல்லாருக்கும் கிடையாது. பரம்பரையா அந்த உரிமை இருக்கிறவங்களுக்குத்தான். அதே ஏரியை நம்பி வாழுற மத்த சமூகத்து மீனவர்களும், தண்ணிக்குள்ள கையால தடவியே இறால் பிடிக்கிற இருளர்களும் வரிசைக்கு வெளியிலதான் நிக்கிறாங்க. லிஸ்ட்ல யார் பேர் இருக்கு, யார் பேர் இல்லைங்கறது அங்கே வயித்துப் பிரச்னை. இதை மனசுல வெச்சுக்கங்க. கடைசியில தேவைப்படும்.

காஃப்காவும் குப்பமும்

இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம். காஃப்கா, லிங்க்ட்இன் கம்பெனிக்குள்ள பிறந்தது. உருவாக்கினவங்க ஜே கிரெப்ஸ், ஜுன் ராவ், அப்புறம் நம்ம புனேயில் இன்ஜினீயரிங் முடிச்ச நேஹா நார்கடே. 2011-ல் ஓப்பன் சோர்ஸா வெளியே விட்டாங்க.

இதுல மெசேஜ்கள் வந்து சேர்ற இடத்துக்கு ‘டாபிக்’னு பேர். நம்ம கணக்குல அது ஏரி. டாபிக்கைப் பல துண்டாப் பிரிப்பாங்க. ஒவ்வொரு துண்டும் ஒரு ‘பார்ட்டிஷன்’. அதாவது, ஒரு பாட்டு இடம். மெசேஜை எடுத்து வேலை செய்யற புரோகிராம் ‘கன்ஸ்யூமர்’. ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்யற கன்ஸ்யூமர்கள் சேர்ந்தா ‘கன்ஸ்யூமர் குரூப்’. அதுதான் குப்பம்.

ரூல் என்ன தெரியுமா? ஒரு குரூப்புக்குள்ள, ஒரு பார்ட்டிஷன் ஒரு நேரத்துல ஒரே ஒரு கன்ஸ்யூமருக்குத்தான். ஒருத்தர் முறையில இன்னொருத்தர் வலை இறங்காது! மூணு பார்ட்டிஷன் இருந்து நாலு கன்ஸ்யூமர் வந்தா, நாலாவது ஆள் கரையில உட்கார்ந்து பீடி பிடிக்க வேண்டியதுதான். வேலை செய்யற ஒருத்தர் விழுந்துட்டா, அவர் இடத்தை மத்தவங்களுக்கு மாத்திக் கொடுக்கும். இதுக்கு ‘ரீபேலன்ஸ்’னு பேர்.

ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. ஏரியில பிடிச்ச இறால் பிடிச்சதுதான், திரும்ப நீந்தாது. காஃப்காவுல மெசேஜைப் படிச்சாலும் அது அங்கேயே இருக்கும். எதுவும் மாத்தாம விட்டா ஏழு நாள் வரைக்கும் வெச்சிருக்கும். ஒவ்வொரு மெசேஜுக்கும் வரிசை எண் உண்டு. அதுதான் ‘ஆஃப்செட்’. எது வரைக்கும் முடிச்சாச்சு, அடுத்து எந்த எண்ணிலிருந்து படிக்கணும்னு ஒவ்வொரு குரூப்பும் தனக்குன்னு ஒரு அடையாளம் வெச்சுக்கும், நாம நாவல்ல பஸ் டிக்கெட்டைச் செருகி வைக்கிற மாதிரி. அதனால ஒரே டாபிக்கை ரெண்டு குரூப் தனித்தனியா, ஒண்ணுக்கொண்ணு இடிக்காம படிக்கலாம்.

அந்த பஸ் டிக்கெட்டை நகர்த்துறதுக்குத்தான் ‘கமிட்’னு பேர். சர்வரைப் பார்த்து, ‘இது வரைக்கும் வாங்கி முடிச்சிட்டேன்’னு சொல்றது. எல்லா வம்பும் ஆரம்பிக்கிறது இங்கேதான்.

‘ஓகே மச்சி’ வியாதி

ஹாஸ்டல்ல பார்த்திருப்பீங்க. “டேய், நாளைக்கு ரெக்கார்டு சப்மிட் பண்ணணும், பசங்க எல்லாருக்கும் சொல்லிடு”ன்னு ஒரு மெசேஜ் வரும். படிச்ச உடனே “ஓகே மச்சி”ன்னு பதில். அடுத்த நிமிஷம் தூக்கம். மறுநாள் வகுப்பே வெளியில நிக்கும். அனுப்பினவன் கணக்குல விஷயம் போய்ச் சேர்ந்தாச்சு, ப்ளூ டிக்கே விழுந்தாச்சு. ஆனா நடக்க வேண்டிய வேலை நடக்கவே இல்லை.

கன்ஸ்யூமர் எழுதும்போது இந்த வியாதி சத்தமில்லாம வந்துடும். ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். கடல் எச்சரிக்கைகள் ஒரு டாபிக்கில் வருது. அதை எடுத்து, குப்பத்து ஒலிபெருக்கியில தமிழ்ல அறிவிக்கிற புரோகிராமை நீங்க ஃபைனல் இயர் புராஜெக்டா எழுதுறீங்க. 41-ம் எண் மெசேஜ்: ‘இன்னிக்கு ராத்திரி பலத்த காற்று, கடலுக்குப் போகாதீங்க.’

வழி ஒண்ணு: மெசேஜ் கைக்கு வந்த உடனே கமிட், அப்புறம் அறிவிப்பு. நடுவுல கரன்ட் போச்சு. திரும்ப ஆன் ஆனதும் புரோகிராம் 42-லிருந்து ஆரம்பிக்கும். 41 யார் காதிலும் விழாது. சர்வர் கணக்குல எல்லாம் சுபம்!

வழி ரெண்டு: முதல்ல அறிவிப்பு, அது முடிஞ்சதும் கமிட். அறிவிச்சு முடிச்சு, கமிட் பண்றதுக்குள்ள கரன்ட் போச்சு. திரும்ப ஆன் ஆனதும் 41 இன்னொரு தடவை ஒலிக்கும். கேட்கிறவங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல். அவ்வளவுதான்.

முதல் வழியில ஒரு மெசேஜ் அதிகபட்சம் ஒரு தடவை வரும், வராமலும் போகலாம். ரெண்டாவது வழியில குறைஞ்சபட்சம் ஒரு தடவை வரும், கூடுதலாவும் வரலாம். எதை எடுக்கணும்னு உயிர் சம்பந்தப்பட்ட இடத்துல கேள்வியே இல்லை. ரெண்டு தடவை கேட்டு யாரும் சாகப் போறதில்லை.

லைப்ரரி உங்களுக்காகப் பேசும்... ஜாக்கிரதை!

“நான் கமிட்டே எழுதலையே, லைப்ரரிதானே பார்த்துக்குது?”ன்னு கேட்பீங்க. அங்கேதான் கண்ணி.

காஃப்காவோட பேச நீங்க நேரா நெட்வொர்க் கோடு எழுதுறதில்லை. க்ளையன்ட் லைப்ரரி ஒண்ணை இழுத்துப் போட்டு, சர்வர் முகவரி, குரூப் பேர், டாபிக் பேர் கொடுத்துட்டு, ஒரு லூப்புக்குள்ள ‘போல்’ங்கற ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவீங்க. வலை வீசி இழுக்கிற மாதிரி. மெசேஜ் உங்களைத் தேடி வராது, நீங்கதான் போய் இழுக்கணும். பின்னால இதயத் துடிப்பு மாதிரி ‘உயிரோட இருக்கேன்’னு சர்வருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கிறது, ரீபேலன்ஸ் நடந்தா சமாளிக்கிறது எல்லாம் லைப்ரரி வேலை.

அதோட சேர்த்து, ‘ஆட்டோ கமிட்’டும் ஆன்லயே வரும். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, உங்க சார்புல ‘வாங்கிட்டேன்’னு சொல்லும். இதுல லைப்ரரிக்கு லைப்ரரி குணம் மாறுது.

ஜாவா லைப்ரரியில ஆட்டோ கமிட் நடக்கிறது நீங்க அடுத்த ‘போல்’ கூப்பிடும்போது. போன தடவை வாங்கினதை லூப்புக்குள்ளேயே வரிசையா முடிச்சுட்டு அடுத்த தடவை கூப்பிட்டா பிரச்னை இல்லை. ஆனா, ‘ஸ்பீடா இருக்கட்டும்’னு மெசேஜை வேற த்ரெட் கையில கொடுத்துட்டு நீங்க பாட்டுக்கு ‘போல்’ கூப்பிட்டா, வேலை முடியறதுக்கு முன்னாடியே ‘முடிஞ்சது’ன்னு சொல்லியாச்சு!

பைத்தான், சி பக்கம் நிறைய பேர் பயன்படுத்துறது ‘லிப்-ஆர்டி-காஃப்கா’ங்கற சி லைப்ரரியை அடித்தளமா வெச்சது. அதுல மெசேஜ் உங்க கைக்கு வந்த நொடியே ‘கமிட் பண்ண ரெடி’ லிஸ்ட்ல சேர்ந்துடும். பின்னால ஓடுற த்ரெட் அதைச் சொல்லிடும். நீங்க இன்னும் ஒலிபெருக்கி சுவிட்சையே தொட்டிருக்க மாட்டீங்க.

மருந்து சிம்பிள். ஆட்டோ கமிட்டை ஆஃப் பண்ணுங்க. வேலை உண்மையிலேயே முடிஞ்ச பிறகு நீங்களே கமிட் பண்ணுங்க. எண்ணை நீங்களே கையால கொடுக்கிறதா இருந்தா ஒண்ணு கவனிங்க: கமிட் எண் என்பது ‘முடிச்ச எண்’ இல்லை, ‘அடுத்து படிக்க வேண்டிய எண்’. 41 முடிஞ்சா 42-ன்னு கொடுக்கணும்.

இன்னொரு கடிகாரமும் ஓடிக்கிட்டிருக்கும். ஜாவா லைப்ரரியில சும்மா விட்டா ஒரு இழுப்புல 500 மெசேஜ் வரைக்கும் வரும். ஐந்து நிமிஷத்துக்குள்ள அடுத்த ‘போல்’ கூப்பிடலைன்னா, ‘இந்த ஆள் வேலைக்கு ஆகமாட்டார்’னு உங்களை குரூப்பிலிருந்து கழட்டி, உங்க இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துடும். அவர் அதே மெசேஜ்களை மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பார். ஒவ்வொரு அறிவிப்புக்கும் நேரம் பிடிக்கும்னா, ஒரு இழுப்புக்கு எத்தனைங்கறதைக் குறைச்சுக்குங்க. ஆசைக்கு வலை வீசாதீங்க, தூக்க முடியற அளவுக்கு வீசுங்க.

ரெண்டு தடவை வந்தா?

கூடுதலா வந்தாலும் பரவாயில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா, ‘புயல் வருது’ன்னு அஞ்சு தடவை கத்தினா, ஆறாவது தடவை யாரும் காதுல வாங்க மாட்டாங்க. அதனால வந்ததையே திரும்ப வந்தா கண்டுபிடிக்கணும்.

இதுக்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கு. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ எச்சரிக்கை அமைப்பு, ‘காமன் அலெர்ட்டிங் புரோட்டோகால்’ங்கற உலகப் பொது வடிவத்துல இயங்குது. இந்த வடிவத்துல ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தனி அடையாள எண் இருக்கணும். இது புது எச்சரிக்கையா, பழசோட திருத்தமா, ரத்தான்னும் சொல்லியாகணும். எப்போ காலாவதி ஆகும்னு குறிப்பிடவும் இடம் உண்டு.

அந்த அடையாள எண்ணை ஒரு டேபிள்ல எழுதி வெச்சுக்கங்க. மறுபடி அதே எண் வந்தா, சத்தம் போடாம கமிட் பண்ணிட்டு நகருங்க. காலாவதி நேரத்தையும் பாருங்க. புரோகிராம் ரெண்டு நாள் படுத்துக் கிடந்து எழுந்தா, முந்தாநாள் புயலை இன்னிக்கு அறிவிக்கும். அப்புறம் உங்க ஒலிபெருக்கியை எவன் நம்புவான்?

வரிசையும் முக்கியம். காஃப்காவுல ஒரு பார்ட்டிஷனுக்குள்ளதான் வரிசை உத்தரவாதம். பார்ட்டிஷன்களுக்கு நடுவுல எது முந்தும்னு சொல்ல முடியாது. 2023-ல் மிக்ஜாம் புயலை நினைச்சுப் பாருங்க. சென்னையையும் திருவள்ளூரையும் மழையில முக்கிட்டு, டிசம்பர் 5-ம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடந்தது. அப்படி நகர்ந்துக்கிட்டே இருக்கிற புயலுக்குத் திருத்தம் மேல திருத்தம் வரும். ‘ரத்து’ முதல்ல வந்து ‘எச்சரிக்கை’ பின்னால வந்தா கதை கந்தல். அதனால ஒரே கடற்கரைப் பகுதிக்கான மெசேஜ் எல்லாத்துக்கும் ஒரே ‘கீ’ கொடுக்கணும். ஒரே கீ இருந்தா ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும், வரிசை குலையாது.

புதுசா ஒரு குரூப் ஆரம்பிச்சா எங்கேருந்து படிக்கும்? நீங்க சொல்லலைன்னா, ‘இனிமே வர்றதை மட்டும்’. நேத்து ராத்திரி வந்து இன்னும் உயிரோட இருக்கிற எச்சரிக்கை கண்ணுல படாது. இந்த மாதிரி வேலைக்கு ‘ஆரம்பத்திலிருந்து’ன்னு மாத்திடுங்க. பழசை வடிகட்டத்தான் காலாவதி நேரம் இருக்கே!

கடலுக்குள்ள ‘வாங்கிட்டேன்’ கிடையாதா?

இதெல்லாம் கம்ப்யூட்டர் லேப் சமாச்சாரம்னு நினைச்சா, 2017 நவம்பர் கடைசியைத் திரும்பிப் பாருங்க. ஒக்கி புயல். கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலர் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்க ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்தாங்க. எச்சரிக்கை கரையில ஒலிச்சது. நடுக்கடலுக்கு எட்டலை. நூற்றுக்கணக்கானவங்க இறந்தாங்க, காணாமப் போனாங்க. எச்சரிக்கையை அனுப்பியாச்சு என்பதும், அது போய்ச் சேர்ந்தது என்பதும் வேற வேறன்னு நாடே பார்த்தது.

கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினா செல்போன் கை விரிச்சிடும். அதுக்காக 2019 அக்டோபர்ல ‘ஜெமினி’ங்கற கருவி வந்தது. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் எச்சரிக்கைகளை ககன் சாட்டிலைட் வழியா வாங்கி, ப்ளூடூத்துல மீனவர் போனுக்குத் தரும். நல்ல விஷயம்தான். ஆனா ஒருவழிப் பாதை. ‘கேட்டுட்டேன்’னு திருப்பிச் சொல்ல வழி இல்லை.

எதிர்த்திசையிலும் இதே குறைதான் இருந்தது. நடுக்கடலில் ஆபத்துன்னா பட்டனை அழுத்தி சாட்டிலைட் மூலமா உதவி கேட்கிற டிரான்ஸ்மிட்டர், இஸ்ரோ உருவாக்கினது. 2010-லிருந்து புழக்கத்துல இருக்கு. அழுத்தினவருக்கு, தன் கூக்குரல் யார் காதிலாவது விழுந்ததான்னு தெரியாது. கவிழப் போற படகுல அந்த நிமிஷத்தை யோசிச்சுப் பாருங்க. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவிச்ச இரண்டாம் தலைமுறைக் கருவியில் சேர்ந்த முக்கியமான வசதி எது தெரியுமா? ‘உங்க சிக்னல் கிடைச்சது’ன்னு கட்டுப்பாட்டு மையத்திலிருந்து திரும்பி வர்ற பதில்! கூடவே, கரையிலிருந்து புயல் எச்சரிக்கையையும் அதிலேயே வாங்கலாம். நாம லூப்புக்குள்ள எழுதுற அதே கமிட்தான். இங்கே அது ஒரு மனுஷனுக்குத் தைரியம்.

இன்னொரு சம்பவம், புதுச்சேரி பக்கத்து மீனவ கிராமமான நல்லவாடு. 2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் டி.வி.யில் சுனாமிச் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். கேட்டவங்க “சரி”ன்னு போனை வெச்சுட்டு உட்காரலை. ஊர்ல இருந்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தின் தகவல் மைய ஒலிபெருக்கியில் கத்திச் சொன்னாங்க. ஊரே வெளியேறித் தப்பிச்சது. வாங்கினதோட நிக்காம, வேலையை முடிச்ச கன்ஸ்யூமர்!

நீங்களே கொன்னு பாருங்க

2025-ல் வந்த காஃப்கா 4.0-க்கு முன்ன மாதிரி ஜூகீப்பர் துணை தேவையில்லை. உங்க லேப்டாப்பிலேயே ஒரே சர்வரா ஓட்டலாம். ஒரு டாபிக், மூணு பார்ட்டிஷன், ஒண்ணு முதல் நூறு வரை எண் போட்ட மெசேஜ். கன்ஸ்யூமர் ஒவ்வொரு எண்ணையும் ரெண்டு விநாடி தூங்கிட்டு ஒரு ஃபைல்ல எழுதணும். நடுவுல ‘கில் மைனஸ் நைன்’ போட்டுக் கொல்லுங்க. கன்ட்ரோல்-சி வேணாம். அது மரியாதையா விடை பெத்துக்கிற சாவு, கரன்ட் கட் அப்படி வராது. சர்வர் சுதாரிக்க ஒரு நிமிஷம் விட்டுட்டு, கன்ஸ்யூமரை மறுபடி ஓட்டுங்க.

முதல் தடவை ஆட்டோ கமிட் ஆன்ல. அடுத்த தடவை ஆஃப் பண்ணிட்டு, எழுதி முடிச்சதும் கமிட். ரெண்டு ஃபைலையும் பக்கத்துல வெச்சு, எந்த எண் காணோம், எந்த எண் ரெண்டு தடவை இருக்குன்னு எண்ணுங்க. இன்டர்வியூல ‘அட்லீஸ்ட் ஒன்ஸ்னா என்ன?’ன்னு கேட்டா, டெஃபனிஷனுக்குப் பதிலா இந்த ரெண்டு ஃபைலையும் பத்திச் சொல்லலாம்.

அப்படியே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்குங்க. பாட்டு லிஸ்ட்ல பேர் இல்லாதவங்க மாதிரி, உங்க குரூப்லயே இல்லாதவங்க யாரு? போன் இல்லாத பாட்டி, தண்ணிக்குள்ள இடுப்பளவு நின்னு இறால் தடவுறவங்க, நேத்தே கடலுக்குப் போன படகு... அவங்களுக்கு மெசேஜ் தொலையாது. ஏன்னா, அனுப்பப்படவே இல்லை. எந்த லைப்ரரியும் இதை எரர்னு காட்டாது. அதை நாமதான் பார்க்கணும் பாஸ்!